முப்பது கஜத்திற்கு ஒரு தொலைநோக்கி

1968ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் மூன்றாம் நாள், சனிக்கிழமை. விடியற்காலை முதலே வானம் மூடாக்குப் போட்டிருந்தது. மேற்கிலிருந்து காற்று ஓயாமல் வீசிற்று. மழை என்று சொல்லவும் இயலாத, பனி என்று சொல்லவும் இயலாத ஒரு தூறல், ஒசூர்ப் பேருந்து நிலையத்தில் நின்றோரின் தலைகளை நனைத்துக்கொண்டிருந்தது.

அங்ஙனம் நனைந்து நின்றவர்களுள் ஒருவர் ஜெபதுரை. வயது நாற்பத்தேழு. மத்திகிரிக்கு அப்பால் கல்லேரிப் பண்ணை என்னும் தனியார் பால் பண்ணையில் தீவன மேஸ்திரியாக இருந்தார். புல் அறுப்பது, வைக்கோல் போர் போடுவது, பருத்திக்கொட்டை ஆட்டுவது ஆகிய யாவும் அவர் மேற்பார்வையில் நடந்தன. இவற்றோடு வேறொரு பொறுப்பும் அவருக்கு இருந்தது. அப்பொறுப்பு, கித்தான் உறைக்குள் நீளமாக அவர் தோளில் தொங்கியது. அதற்குரிய உரிமத் தாள் சட்டைப் பையில் இருந்தது.

அது பாயின்ட் டூ டூ என வழங்கும் சிறு ரவைத் துப்பாக்கி. அதன் தோட்டா சுண்டுவிரல் நீளங்கூட இராது. தேன்கனிக்கோட்டைக் காட்டிலிருந்து இறங்கி வரும் யானைக்கு அதன் ஓசை ஒரு கொட்டாவிக்குச் சமம். ஆயினும் முப்பது நாற்பது கஜ தூரத்திற்குள், குறி பிசகாத கையில், ஓர் உயிரைத் துன்பமின்றி முடிக்க அது போதுமானது. பண்ணைக்கு அஃது எதற்கெனில், வெறிநாய்களுக்காக. சுற்றியுள்ள கரட்டிலிருந்து வெறிபிடித்த நாய் ஒன்று தொழுவத்தில் புகுந்து கடித்துவிட்டால், ஒரு கறவை மாடு மட்டும் போவதில்லை. அதன் பாலைக் குடித்த கன்று முதல் கறந்த ஆள் வரை அனைவரும் அஞ்சி நடுங்க வேண்டியதுதான்.

இத்தொழிலில் ஜெபதுரைக்கென ஒரு வழக்கம் உண்டு. சுடுவதற்கு முன்னர் நாயைப் பெயர் சொல்லி அழைப்பார். சுற்றுவட்டக் குடியிருப்புகளில் எந்த நாய்க்கு என்ன பெயர் என்பது அவருக்கு மனப்பாடம். அழைத்தபின் அது திரும்புகிறதா, எச்சிலை விழுங்குகிறதா, வால் எப்படிக் கிடக்கிறது என்று பார்ப்பார். பார்த்த பின்பே விசையில் விரல் வைப்பார். இதனால் ஆடு மேய்க்கும் மக்கள் தங்கள் நாய்களைப் பண்ணை ஓரமாக அச்சமின்றி ஓட்டிச் சென்றனர்.

பண்ணைக் காவலாளி கோவிந்தனுக்கு இவ்வழக்கம் வேடிக்கையாக இருந்தது.

"பேரக் கேட்டாச்சு. ரேஷன் கார்டையும் கேட்டுட்டுச் சுடுங்களேன் மேஸ்திரி!" என்பான்.

கோவிந்தன் கெட்டவன் அல்லன், துணிவுள்ளவன். ஆனால் அவனுடைய துணிவுக்குப் பொறுமை என்னும் கூட்டாளி இல்லை. துப்பாக்கி தன் கையில் இருந்தால் வேலி தாண்டும் எந்த நாயும் திரும்பிப் போகாது என்று அவன் வெளிப்படையாகவே சொல்லி வந்தான்.

சென்ற மாதம் ஒரு கறுப்பு நாய் வந்தது. அழைத்தபோது திரும்பவில்லை; வெறி ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்தது. ஜெபதுரை சுட்டார். நாய்க்கு ஒரு முழம் தள்ளி மண் தெறித்தது. நாய் பாய்ந்து ஒரு கிடாரியைக் கடித்துவிட்டுத்தான் மற்றவர்களின் தடிகளுக்கு இரையாயிற்று. கிடாரியையும் பின்னர்க் கொல்ல நேர்ந்தது.

மேலாளர் அற்புதராஜ் முப்பது வயது நிரம்பாதவர். விவசாயக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அவர் மேஸ்திரியை அழைத்துச் சொன்னார்: "இன்னொரு தடவை தப்பக் கூடாது மேஸ்திரி. டெலஸ்கோப்பு ஒண்ணு வாங்க முதலாளி ஐயாகிட்ட சம்மதம் வாங்கியிருக்கேன். நல்லதாப் பாத்து வாங்கிட்டு வாங்க. அதுக்கப்புறமும் தப்பிச்சுன்னா, துப்பாக்கி கோவிந்தன் கைக்குப் போயிடும். எனக்கும் வேற வழி இல்ல."

ஏன் தப்பியது என்பதை ஜெபதுரை எவரிடமும் சொல்லவில்லை. அவருக்கு வெள்ளெழுத்து வந்திருந்தது. தொலைவிலுள்ள நாய் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் குழல் முனையில் குறிக்காக நிற்கும் சிறு முளை, நனைந்த பஞ்சு போலப் பருத்து இரண்டாகப் பிரிந்து நின்றது. மூக்குக் கண்ணாடி போட்டால் சரியாகலாம். ஆனால் குன்னூரில் வாழும் பண்ணை முதலாளி, கண்ணாடி அணிந்தவன் கையில் துப்பாக்கி கொடுக்கலாகாது என்று உறுதியாக விதித்திருந்தார். அவருடைய பழைய தேயிலைத் தோட்டத்தில் மழைத்துளி படிந்த கண்ணாடியோடு சுட்ட ஒருவன் தவறான திசையில் சுட்டுவிட்டானாம். ஆகவே ஜெபதுரை கண்ணின் குறையை மறைத்தார். மறைத்துக்கொண்டே அன்று பெங்களூர்ப் பேருந்தில் ஏறினார்.

பெங்களூரில் தண்டு எனப்படும் கன்டோன்மென்ட் பகுதியில், ஒரு குறுகிய தெருவில் இருந்தது மெஹபூப் பாஷாவின் துப்பாக்கிக் கடை. பாஷா ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். பட்டாளத்துத் தொலைநோக்கிகளைச் செப்பனிடும் ஒருவரிடம் வேலை பழகிய பின் தனிக்கடை வைத்தவர். ஜெபதுரை தோட்டா வாங்குவது அங்கேதான்.

"வாங்க மேஸ்திரி. டெலஸ்கோப்பா? எதைச் சுடறதுக்கு? எத்தனை கஜத்துல?"

"எல்லாத்துக்கும்தான் பாய். தூரம்... முன்ன பின்ன இருக்கும்."

முப்பது கஜம் என்று சொல்ல அவர் நா எழவில்லை. முப்பது கஜத்திற்குத் தொலைநோக்கியா என்று கடைக்காரர் வியந்தால், அடுத்த கேள்வி கண்ணைப் பற்றியதாக அன்றோ இருக்கும்!

பாஷா கண்ணாடிப் பெட்டியின் மேல் இரண்டு குழல்களை வைத்தார். ஒன்று முன்கை பருமன் கொண்டது. அதன் முன்வாய் தாமரை போல விரிந்திருந்தது. பொருளைப் பத்து மடங்கு பெருக்குவது. மற்றொன்று புல்லாங்குழல் போல ஒல்லியானது. நான்கு மடங்கு மட்டுமே பெருக்குவது.

ஜெபதுரை பெரியதை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குச் சென்றார். மரங்களுக்கு அப்பால் வெகு தொலைவில் ஒரு தேவாலயக் கோபுரம் தெரிந்தது. அதன்மேல் குழலை நாட்டினார். கோபுரச் சிலுவையும், அதனடியில் சிறகைக் கோதிய புறாவும் எட்டிப் பிடிக்கும் தொலைவில் வந்து நின்றன.

"புறா கழுத்துல மினுக்கறதுகூடத் தெரியுதுங்க பாய்!"

"தெரியாம? பத்து மடங்காச்சே. பெரிய ரைஃபிளுக்குச் செஞ்சது."

சிறியதன் வழியே பார்த்தார். கோபுரம் சற்றே கிட்ட வந்தது, அவ்வளவுதான். புறா ஒரு புள்ளியாகவே இருந்தது.

"இது என்னங்க பாய், இவ்வளவு கஞ்சமாக் காட்டுது?"

"அது இந்தச் சின்ன ரைஃபிளுக்குன்னே செஞ்சது மேஸ்திரி. ஆனா சுடப்போறவர் நீங்க. தூரத்தைச் சொன்னாத்தான நான் சொல்ல முடியும்?"

ஜெபதுரை தூரத்தைச் சொல்லவில்லை. பெரியதையே பொருத்தச் சொன்னார். துப்பாக்கியின் முதுகில் நீளவாக்கில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருந்தது. பாஷா இடைக்கட்டை ஒன்றை வைத்து, பள்ளத்தைக் கவ்விக்கொள்ளுமாறு திருகி முடுக்கினார். ஒல்லியான துப்பாக்கியின்மேல் அப்பெருங்குழல், ஆட்டுக்குட்டியின் முதுகில் ஏறிய கிடாவைப் போல அமர்ந்திருந்தது.

திங்கட்கிழமை பண்ணையின் ஏரிக்கரைச் சரிவில் சோதனை நடந்தது. ஒரு பால்மாவு டின்னின் மூடியைக் குச்சியில் கட்டி முப்பது கஜ தூரத்தில் நட்டனர். மணல் மூட்டையின்மேல் துப்பாக்கியை வைத்து ஜெபதுரை குப்புறப் படுத்தார். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் குழலில் வைத்தார்.

மோர் நிரம்பிய பாத்திரத்தின் அடியில் மூடி கிடப்பது போலத் தோன்றிற்று. வெண்மையாக ஏதோ ஒன்று. அதற்கு ஓரமும் இல்லை, உருவமும் இல்லை. தலையை இம்மி அளவு அசைத்தால் போதும், குழலுக்குள் இருந்த சிலுவைக் கோடு அவ்வெண்மையின்மேல் எறும்பு போல ஓடிற்று. பெங்களூரில் புறாவின் கழுத்தைக் காட்டிய அதே குழலா இது?

"நகருங்க, நானும் பாக்கறேன்," என்று அற்புதராஜ் படுத்தார். "அடேயப்பா! மூடியில இருக்கிற ஆணி ஓட்டை கூடத் தெரியுதே! உங்களுக்குத் தெரியுதில்ல?"

"தெரியுதுங்க சார்," என்றார் ஜெபதுரை.

பொய் சொல்லிப் பழகாத வாய். ஐந்து முறை சுட்டார். ஒரு ரவை மூடியின் விளிம்பைக் கிழித்தது. மற்றவை கரைமண்ணில் ஆளுக்கொரு மூலையில் புதைந்தன.

"டெலஸ்கோப்பு நல்லாத்தான் இருக்குது," என்றான் கோவிந்தன், எவர் முகத்தையும் பாராமல். "மூடிக்குத்தான் நேரம் சரியில்ல போல."

அற்புதராஜ் மூடியையும் மேஸ்திரியின் கண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கால்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டு போனார்.

அன்று பகலுணவுக்கு வீடு சென்ற ஜெபதுரை தட்டை வெறித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். அவர் மனைவி பவுலினா மத்திகிரியில் தையல் எந்திரம் வைத்துப் பிழைப்பவள். ஊசி முனையிலேயே வாழ்கிறவளுக்குக் கண்ணின் குறை தெரியாமற் போகுமா?

"ஏங்க, நேத்துக் கோயில்ல பாட்டுப் புத்தகத்தை எங்க புடிச்சிருந்தீங்கன்னு தெரியுமா? கை இன்னும் ஒரு சாண் நீளமா இருந்திருந்தா முன் பெஞ்சுக்காரர் படிச்சிட்டிருப்பார்."

"வெளிச்சம் பத்தல."

"ஆமா, உங்களுக்கு மட்டும் பத்தல. எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்," என்றார் ஜெபதுரை. இவ்வளவு எளிதாக அது வாயிலிருந்து வந்ததை எண்ணி அவரே வியந்தார். பிறகு குழலைப் பற்றியும் மோரைப் பற்றியும் சொன்னார். மேலாளர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது தம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், இனி எந்தக் கருவியாலும் பயனில்லை என்றார். "கோவிந்தன்கிட்டக் குடுத்துட வேண்டியதுதான்."

பவுலினா அவர் தட்டில் களி உருண்டையை வைத்துக் குழம்பை ஊற்றினாள். "காலைல சென்னம்மா வந்திருந்தா, ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க. அவ நாய் இருக்குதே கெம்பன், அதைக் கட்டிப் போட்டுட்டுத்தான் வந்தாளாம். மேஸ்திரி கையில துப்பாக்கி இருக்கிறவரைக்கும் அவுத்து வுடலாம், இனிமே எப்படியோ தெரியலியேன்னு அழறா. நான் என்ன சொல்றது?"

ஜெபதுரை களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தார்.

"கண்ணு மங்கறது பாவமா? மேனேஜர்கிட்டச் சொல்ல வேணாம், சரி. அந்த பாய்கிட்டயாவது நெசத்தைச் சொல்லக் கூடாதா? அவரா உங்களுக்குச் சம்பளம் குடுக்கறார்?"

அடுத்த சனிக்கிழமை ஜெபதுரை மீண்டும் பாஷாவின் கடைப் படியேறினார். இம்முறை நாற்காலியில் அமர்ந்து, யாவற்றையும் ஒளிவின்றி உரைத்தார்.

பாஷா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட என்ன மேஸ்திரி நீங்க! நான் உங்க கண்ணையா கேட்டேன்? தூரத்தைத்தான கேட்டேன்! முப்பது கஜம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த யானையை உங்க கையிலயே குடுத்திருக்க மாட்டனே!"

பின்னர் அவர் விளக்கியதன் சாரம் வருமாறு. ஒவ்வொரு குழலும் ஒரு குறிப்பிட்ட தொலைவுக்கென அமைக்கப்படுகிறது. பெரிய துப்பாக்கிக்கான குழல் நூற்றைம்பது கஜத்திற்கு அமைந்தது. அதற்கும் அப்பாலுள்ளவை அதில் தெளிவாகவே தெரியும். மிகக் கிட்டத்தில் உள்ளவை கலங்கும். பெருக்கும் மடங்கு கூடக் கூட அக்கலக்கமும் கூடும். இளம் கண் தன்னைத் தானே இறுக்கித் தளர்த்தி அக்கலக்கத்தைச் சரிசெய்துகொள்ளும். வெள்ளெழுத்துக் கண்ணுக்கு அவ்வாற்றல் குன்றிவிடுகிறது. ஆகவே மேலாளர் கண்டதும் மெய். மேஸ்திரி கண்டதும் மெய்.

"கண்ணுல தப்பில்லீங்க. கோபுரத்தைப் பாத்து டெலஸ்கோப்பு வாங்கினீங்களே, அதான் தப்பு. கோபுரத்தையா சுடப்போறீங்க?"

பாஷா அவரைக் கடையின் பின்புறச் சந்துக்கு அழைத்துச் சென்றார். கோடியிலிருந்த சுவரில் ஒரு தீப்பெட்டியை ஒட்டி, முப்பது கஜம் அளந்து, ஸ்டூலின்மேல் மணல் மூட்டையை வைத்தார். துப்பாக்கியைத் தொடாமல், தலையை மட்டும் இடமும் வலமும் அசைத்துப் பார்க்கச் சொன்னார். பெரிய குழலில் சிலுவைக் கோடு தீப்பெட்டியை விட்டு ஓடிற்று. சிறிய குழலை மாற்றிப் பொருத்தியபின், தலை எப்படி அசைந்தாலும் கோடு தீப்பெட்டியின் மேலேயே குத்திட்டு நின்றது. தம் கை நடுங்குவதாக ஒரு வாரமாக நொந்துகொண்டிருந்த ஜெபதுரைக்கு, நெஞ்சிலிருந்து ஒரு பளு இறங்கியது.

"கோடு இன்னும் கொஞ்சம் பஞ்சு மாதிரி இருக்குதுங்க பாய்."

"இருக்கும். அது என் கண்ணுக்கு வச்சது." பாஷா தம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குழலின் பின்முனையில் இருந்த பூண் ஒன்றைக் காட்டினார். "துப்பாக்கியை வானத்துப் பக்கம் தூக்குங்க. ஒண்ணும் பாக்காதீங்க, வெறும் வானம். கோடு கறுப்பா, ஊசியாட்டம் தெரியற வரைக்கும் இந்தப் பூணைத் திருப்புங்க. உங்க கண்ணுக்கு, வேற எவன் கண்ணுக்கும் இல்ல."

ஜெபதுரை திருப்பினார். சாம்பல் நிற வானத்தில், பருத்திருந்த கோடுகள் மெலிந்தன, மேலும் மெலிந்தன, பின்னர் இரு மயிரிழைகளாகக் கருகருவென நின்றன. இரண்டு ஆண்டுகளாக அவர் இத்துணை மெல்லிய எதனையும் இத்துணைத் தெளிவாகக் கண்டதில்லை. வேத புத்தகத்தின் எழுத்துகள், அரிசியில் கல், மனைவியின் நெற்றி நரை ஆகிய அனைத்தையும் அவர் ஊகத்தால் அறிந்து வாழ்ந்திருந்தார். வெறும் வானத்தில் வெறும் இரண்டு கோடுகளை அவர் வேண்டிய நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பாஷா அவசரப்படுத்தவில்லை.

பண்ணைக்குத் திரும்பியபோது, அவர் எதிர்பார்த்த வரவேற்பே கிடைத்தது.

"என்ன மேஸ்திரி, எருமையக் குடுத்துட்டுப் பூனைக்குட்டியப் புடிச்சாந்துட்டீங்க?" என்றான் கோவிந்தன். "இதுல அடுப்பு ஊதலாம். நல்லா எரியும்."

அற்புதராஜும் முகம் சுளித்தார். ஆனால் மறுநாள் ஏரிக்கரையில் ஐந்து ரவைகளும் ஓர் எட்டணாக் காசால் மூடிவிடக்கூடிய இடத்திற்குள் புகுந்தபோது, "சரி" என்ற ஒற்றைச் சொல்லோடு அகன்றார். சிறு குழலை ஏன் தேர்ந்தார் என்று அவர் கேட்கவில்லை, ஜெபதுரையும் சொல்லவில்லை.

அம்மாதம் இருபதாம் நாள், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி அளவில் கன்றுத் தொழுவத்திலிருந்து கூக்குரல் எழுந்தது.

ஜெபதுரை துப்பாக்கியோடு ஓடிச் சென்று தீவன வண்டியின் பின்னால் படுத்தார். முப்பது கஜ தூரத்தில், தொழுவத்தின் வேலியோரம் ஒரு செந்நிற நாய் நின்றது. கீழ்த்தாடை தொங்கிக்கொண்டிருந்தது. எச்சில் நூல் நூலாக வழிந்தது. தலையை ஒருக்களித்து, முன்னங்காலால் வாயைப் பிராண்டியது. பின்னர்க் கன்றுகள் கட்டியிருந்த பக்கம் இரண்டடி தள்ளாடி நடந்தது. அது சென்னம்மாவின் கெம்பன்.

"ஊமை வெறி! வாய் தொங்குது பாருங்க!" என்று தடியோடு வந்து நின்றான் கோவிந்தன்.

"கெம்பா!" என்று ஜெபதுரை அழைத்தார்.

நாயின் காது திரும்பியது. வால் ஒருமுறை அசைந்தது. ஆனால் தாடை மூடவில்லை. ஊமை வெறி கொண்ட நாயும் தொடக்கத்தில் தன் பெயரை அறியும் என்பது ஜெபதுரைக்குத் தெரியும். இத்தனை ஆண்டுகளாக அவர் நம்பியிருந்த வழக்கம் இவ்விடத்தில் பாதி விடையைத்தான் தந்தது.

"சுடுங்க மேஸ்திரி!" என்றார் மூச்சிரைக்க வந்து சேர்ந்த அற்புதராஜ். "கன்னுக்குட்டிங்ககிட்டப் போகுது பாருங்க!"

ஜெபதுரை சிலுவைக் கோட்டை நாயின் காதுக்கு முன்னே நிறுத்தினார். அது அசையாமல் நின்றது. இவ்வளவு எளிய குறி அவருக்கு வாழ்நாளில் வாய்த்ததில்லை. விசையில் விரல் பதிந்தது. அக்கணம் நாய் வலி தாளாமல் தலையை வான் நோக்கி உயர்த்தியது. மேகம் விலகிய சிறு இடைவெளியில் வந்த வெயில் அதன் வாய்க்குள் விழுந்தது.

சிவந்த அண்ணம். அதன் குறுக்கே, இந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பல்லிலிருந்து அந்தப் பக்கத்துப் பல்வரை வெள்ளையாக ஒரு கோடு.

நுரையா? பெரிய குழல் அவரை ஒருமுறை ஏமாற்றியிருந்தது. ஆகவே இந்தக் குழலையும் அவர் உடனே நம்பிவிடவில்லை. நுரையாயின் மூச்சுக்கு மூச்சு அசைய வேண்டும், வழிய வேண்டும். இது அசையவில்லை. எச்சில் அதைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. அவர் விரல் விசையிலிருந்து எழுந்தது.

"சார், எலும்பு. மேல் தாடையில குறுக்கால மாட்டிட்டு நிக்குது. வெறி இல்லீங்க."

"முப்பது கஜத்துல வாய்க்குள்ள எலும்பு தெரியுதா?" அற்புதராஜின் குரல் உயர்ந்தது. "அன்னைக்கு மூடியே உங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? வேலையக் கெடுக்க வேண்டாமேன்னு வாயை மூடிட்டிருந்தேன்."

"தெரியலதான் சார். கண்ணு கிட்டத்துக்கு ஆகறதில்ல, ரெண்டு வருஷமாச்சு. பொய் சொல்லிட்டன். இப்பச் சொல்றது பொய் இல்ல."

"மேஸ்திரி, பேச நேரமில்ல. இங்க குடுங்க," என்று கோவிந்தன் துப்பாக்கியின்மேல் கை வைத்தான்.

ஜெபதுரை எழுந்து உட்கார்ந்தார். வாதாடவில்லை. துப்பாக்கியின் வலப்புறத்துப் பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தார். சுடப்படாத தோட்டா துள்ளிப் புல்லில் விழுந்தது. மேலும் இழுத்துப் போல்ட்டு முழுவதையுமே உருவித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அஃதின்றி அத்துப்பாக்கி வெறும் மரமும் இரும்பும்தான்.

"இப்ப இதுல யாராலயும் சுட முடியாது சார். பாக்க மட்டுந்தான் முடியும். பாருங்க."

கோவிந்தன் பல்லைக் கடித்தான். ஆனால் ஓடிப்போய்க் கன்றுகளுக்கும் நாய்க்கும் நடுவில் தடியை நீட்டிக்கொண்டு நின்றான். வெறிநாய் என்று முழு மனதாக நம்பியவன் அவ்வாறு போய் நின்றது சிறிய செயலன்று.

அற்புதராஜ் ஈரப் புல்லில் படுத்தார். "கோடு கொஞ்சம் மங்கலா இருக்கே?"

"அது என் கண்ணுக்குத் திருப்பி வச்சதுங்க. நாயைப் பாருங்க, கோட்டைப் பாக்காதீங்க."

நாய் தலை குனிந்து நின்றது. வாயின் உட்புறம் தெரியவில்லை. இதற்குள் செய்தி கேட்டுச் சென்னம்மா வேலியைத் தாண்டி ஓடி வந்தாள்.

"பேடா சாமி, வேணாம்! என் கெம்பனைச் சுடாதீங்க! காலைல அவுத்து வுட்டப்ப நல்லாத்தான் இருந்திச்சு!"

அவள் குரல் கேட்டதும் நாய் முகத்தை உயர்த்தி அவளை நோக்கியது. அற்புதராஜின் தோள் அசைவற்று நின்றது.

"அய்யோ..." என்றார் அவர், தமக்குத் தாமே. "ஆமா. எலும்புதான். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இறுகிப் போயிருக்கு."

சென்னம்மா நாயிடம் பாய்ந்தாள். ஜெபதுரை அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். "கை வைக்காத சென்னம்மா. எலும்பும் இருக்கலாம், வெறியும் இருக்கலாம். ரெண்டும் சேந்து வராதுன்னு யாரு சொன்னது? டாக்டர் வரட்டும்."

மாட்டு வைத்தியருக்கு ஆள் போயிற்று. கோவிந்தன் மூங்கில் கழியின் நுனியில் சுருக்குக் கயிற்றைக் கட்டி, ஒரே வீச்சில் நாயின் கழுத்தில் மாட்டி வேலிக்கம்பத்தோடு இழுத்துப் பிடித்தான். வைத்தியர் தோல் உறை அணிந்த கையால் தாடைகளுக்கிடையே ஒரு கட்டையைச் செருகி இடுக்கியை உள்ளே விட்டார். ஆட்டு விலா எலும்பின் துண்டு ஒன்று இரத்தத்தோடு வெளியே வந்தது.

"இருந்தாலும் பத்து நாள் சங்கிலியில கட்டிப் போட்டுக் கவனிங்க," என்றார் வைத்தியர், இடுக்கியைத் துடைத்தவாறு. "ஆனா வெறி இருக்கிற மாதிரி எனக்குத் தெரியல. தண்ணி வச்சுப் பாக்கலாம்."

தண்ணீர் கொண்டுவர ஒருத்தி ஓடினாள். அவ்விடைவேளையில் அற்புதராஜ் துப்பாக்கியை இரு கைகளிலும் ஏந்தியபடி ஜெபதுரையிடம் வந்தார். அவருடைய வெள்ளைக் கால்சட்டையின் முழங்கால்கள் சாணமும் சேறுமாக இருந்தன.

"கண்ணாடி போட்டவனுக்குத் துப்பாக்கி கிடையாதுன்னு ஐயா சொல்லியிருக்கார்."

"தெரியுங்க சார்."

"நீங்க போடலியே. துப்பாக்கிதான போட்டிருக்கு." அவர் சிரிக்கவில்லை, மிகவும் யோசித்துச் சொன்னவர் போலவே சொன்னார். "ஐயாவுக்கு நானே நடந்ததைச் சொல்றேன். மறைக்காமச் சொல்றேன். அவர் என்ன சொன்னாலும், நான் இங்க இருக்கிற வரைக்கும் இது உங்க கையிலதான். போல்ட்டை மாட்டுங்க."

ஜெபதுரை சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தார். உடல் சூட்டில் இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. உடனே மாட்டவில்லை. "தண்ணி குடிக்கட்டும் சார். அப்புறம் மாட்டறன்."

வாளி வந்தது. கோவிந்தன் கயிற்றைச் சற்றே தளர்த்தினான். கெம்பன் நீரை முகர்ந்தது, பின்வாங்கியது, காயத்தில் பட்டதும் முனகியது. பின்னர் அது நாக்கை நீட்டி ஒரு முறை நக்கியது, மறுமுறை நக்கியது, அதன்பின் நிறுத்தாமல், வாளி கொடகொடவென்று ஒலிக்கும்படி குடிக்கத் தொடங்கியது. சென்னம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வாளியின் அடி தெரியும்வரை குடித்துவிட்டுக் கெம்பன் தலையை நிமிர்த்தியபோது, மாலை மணி ஐந்து பன்னிரண்டு.